ஆம்பிளைக்கு எதுக்குவே பிரசவ லீவு?

லீவு ரிஜிஸ்டர் எழுதுகிற குமாஸ்தாவின் பிழைப்பு கல்யாண வீட்டுச் சமையல்காரன் பிழைப்புதான். ஊருக்கெல்லாம் பரிமாறி முடித்துவிட்டு, தனக்கென்று உட்காரும்போது பானையில் கரண்டி ‘டொக் டொக்’ என்று முட்டும். ரங்கூனில், கெமண்டைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு அரிசி மில்லில் ஆறு வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தவன் நான். பிறத்தியான் நாளையெல்லாம் எண்ணி எண்ணியே விரல் தேய்ந்த சக குமாஸ்தாக்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

மேஸ்திரி குடித்த கொய்னா

எங்கள் ரிஜிஸ்டரில் லீவுக்குக் காரணம் ஐந்துதான். ஜுரம், சாவு, கல்யாணம், கோர்ட்டு, பண்டிகை. ஐந்துக்கும் கோடு போட்டுப் பத்தி பிரித்திருக்கும். உங்கள் காரணம் இந்த ஐந்தில் அடங்கவில்லை என்றால் உங்களுக்குக் காரணமே இல்லை என்று அர்த்தம். மூட்டை ஏற்றுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி மாடசாமி ஒருநாள் வந்து, “பெண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு, மூணு நாள் லீவு எழுதுங்க கிளார்க்கையா” என்று நின்றான். அதற்குப் பத்தி கிடையாதே! நானும் பெரிய புத்திசாலி மாதிரி ‘ஜுரம்’ என்று எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

மில்லில் ஒரு சட்டம் உண்டு. ஜுரம் என்று லீவு போட்டால் மில் கம்பவுண்டர் மறுநாளே வீடு தேடி வருவார், கொய்னா என்கிற கசப்பு மருந்துக் கரைசலை ஊற்றி, தம் கண் முன்னாலேயே குடிக்க வைத்து, சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மூன்று நாள் ஜுரம் என்றால் மூன்று நாளும் வருவார். இதை நான் மறந்தே போனேன். நாலாம் நாள் மாடசாமி காதில் ரயில் ஓடுகிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆண் குழந்தையாம். என் மேஜைமேல் ரெண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுச் சொன்னான்: “வலி அவளுக்கு, கசப்பு எனக்கு, எழுத்து மட்டும் உங்களுக்கா? நல்லாயிருக்கு கிளார்க்கையா நியாயம்!”

நாலாம் மாசம்

அப்போது சிரித்தேன். அடுத்த வருஷமே அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பியது. என் மனைவி கோமதி ஒரு காலை, காப்பித் தண்ணியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “நாலாம் மாசம்” என்றாள்.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. காரணம் சொல்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை ஏழாம் மாசத்தில் தவறிப்போயிற்று. அவளுக்கும் தாயார் இல்லை, எனக்கும் தாயார் இல்லை. தாய்வீட்டுப் பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தடவை வலி எடுத்ததும் காலை பத்து மணிக்கு அடுத்த அறைக்காரர் மில்லுக்கு ஓடிவந்து கேட்டில் சொல்லியிருக்கிறார். வேலை நேரத்தில் ஆள் அனுப்பக்கூடாது, மத்தியானச் சங்கு ஊதட்டும் என்று கேட்டுக் காவல்காரன் தர்வான் நிறுத்தி வைத்துவிட்டான். சங்கு ஊதி நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்து, கோமதி தனியாகக் கிடந்தாள். அந்தப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? யாருக்கோ பண்டிகை லீவு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்தத் தடவை கோமதி ரெண்டு கட்டளை போட்டாள். வளைகாப்பு கிடையாது, சீமந்தம் கிடையாது, ஏழாம் மாசம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது முதலாவது. ரெண்டாவதைச் சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள்: “வலி எடுக்கிற அன்னிக்கு நீங்க இந்த வீட்ல இருக்கணும். மில்லு இருந்தாலும் சரி, இடிஞ்சு விழுந்தாலும் சரி.”

ஏழு பிள்ளை பெற்றவர்

லீவு வேண்டுமென்றால் ரெண்டு மாசம் முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தேதி, காரணம் ரெண்டும் தெளிவாக இருக்க வேண்டும். விதியை அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். நாலாம் மாசம் என்று அவள் சொன்ன நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். மார்கழி நடுவில் வந்தது. புரட்டாசிக் கடைசியில், கோமதி சொன்ன ஏழாம் மாசம் முடிந்த அன்றைக்கே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க் சுந்தரம் பிள்ளை முன்னால் நின்றேன்.

சுந்தரம் பிள்ளை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கோபம், மூக்குக்கு இறக்கினால் ரொம்பக் கோபம். இறக்கிக்கொண்டுதான் படித்தார். “காரணம் என்னவே இது? மனைவியின் பிரசவம்? பிரசவம் உமக்கா அவளுக்கா?” என்றார். அவளுக்குத்தான், ஆனால் துணைக்கு ஆள் இல்லை என்றேன். “ஆம்பிளைக்கு எதுக்குவே பிரசவ லீவு? இதை எந்தப் பத்தியிலே எழுதுவீரு?” என்றார். பிரசவத்துக்கு ஆறாவதாக ஒரு பத்தி கோடு போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன். என்னவோ நான் மில்லையே என் பெயருக்கு எழுதிக் கேட்டது மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

மூன்று நாள் அந்தக் காகிதம் அவர் மேஜையில் மைக்கூட்டுக்கு அடியில் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவர் பார்ப்பார். நாலாம் நாள் பொறுக்க மாட்டாமல், “பிள்ளைவாள், அது துரைகிட்ட போகணும்” என்றேன். விண்ணப்பத்தை எடுத்து மைக்கறையைத் துடைத்தார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “நான் ஏழு பெத்தவன்வே. ஏழு தடவையும் இதே நாற்காலியிலேதான் இருந்தேன். ஒண்ணாவது பொறக்காம நின்னு போச்சா?”

துரையின் கேள்வி

துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஸ்காட்லாந்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் மில்லைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் நடப்பதாக அவருக்குத் தெரியாது. விண்ணப்பத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை, மறுபடி விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்தார். வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா? இல்லை. அண்டை அயலில்? கீழ்வீட்டில் டோ ம்யா என்று ஒரு பர்மாக்கார மருத்துவச்சி இருக்கிறாள். பிறகு நீ எதற்கு? அங்கே உன்னால் என்ன செய்ய முடியும்?

சக குமாஸ்தாக்களே, நீங்களே சொல்லுங்கள். அவள் தனியாகக் கிடந்தாள் துரை, இந்தத் தடவை அப்படிக் கிடக்கக்கூடாது துரை என்று எந்த இங்கிலீஷில் சொல்வது? “வெந்நீர் போடுவேன்” என்றேன். துரை யோசித்தார். தை பிறந்தால் நெல் படகுகள் வந்து குவியும், அதற்கப்புறம் யாருக்கும் லீவு இல்லை. மார்கழி நடுவில் பத்து நாள் எடுத்துக்கொள், தேதி ஒருநாள்கூட முன்னே பின்னே நகரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லிக் கதவு வரை போனவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “குழந்தையிடமும் தேதியைத் தெளிவாகச் சொல்லிவிடு. எனக்குத் தாமதம் பிடிக்காது.”

கேட்டைத் தாண்டியவள்

அப்பாடா என்று இருந்தேன். துவாண்டேயிலிருந்து படகில் வரும் பெரிய பானை ரெண்டு வாங்கி வைத்தேன், வெந்நீருக்கு. விறகு வாங்கி அடுக்கினேன். என் பெயருக்கு நேரே, பண்டிகைப் பத்தியில் (வேறு வழியில்லை என்று பிள்ளைவாள் அங்கேதான் எழுதச் சொன்னார்) மார்கழித் தேதிகளை என் கையாலேயே எழுதினேன். அந்தப் பக்கத்தைத் தினம் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வேன்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணி இருக்கும். கேட்டுப் பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் டோ ம்யா! வாயில் சுருட்டு, இடுப்பில் லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு மில் முற்றத்தில் நடந்து வருகிறாள். தர்வான் கம்பை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவருகிறான். “கோ லிங்கம்! வலி எடுத்துவிட்டது, வா!” என்று, பர்மாக்காரர் மரியாதைப்படி என் பெயருக்கு முன்னால் ‘கோ’ போட்டு, அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

“இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே! ஐயோ, இதுவும் அரைகுறையாகவா?” என்று பதறினேன். டோ ம்யா சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். அரைகுறை எல்லாம் இல்லை, முழுப் பத்து மாசம், கண் பட்டுவிடும் என்று உன் பெண்டாட்டி எல்லோரிடமும் ஒரு மாசம் குறைத்துச் சொல்லி வைத்திருக்கிறாள், என்னிடம் மட்டும்தான் நிஜத்தைச் சொன்னாள் என்றாள். எல்லோரிடமும் சரி, கட்டின புருஷனிடமுமா! பர்மாவும் இந்துஸ்தானியும் கலந்து அவள் கேட்டது ஆபீஸ் மொத்தத்துக்கும் புரிந்தது: “மில்லில் இருக்கிறவன் நாளையெல்லாம் எண்ணுகிறாயே கோ லிங்கம், வீட்டில் ஒரே ஒரு வயிறு, அதை எண்ணத் தெரியவில்லையா உனக்கு?”

நெற்றியில் ஒரு கை

சுந்தரம் பிள்ளையிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். ரிஜிஸ்டரைத் திறந்து, என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். “மார்கழின்னு நீர்தான் எழுதியிருக்கீரு. துரை தேதி நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. துரையோ பஸ்ஸீன் ஊருக்குப் போயிருக்காரு, ராத்திரிதான் வருவாரு. நான் என்னவே செய்ய?” என்றார். சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. மறுபடியும் அதே பத்து மணி, அதே மில், அதே நான்! எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. பேனாவை மையில் தோய்த்து, ஜுரப் பத்தியில் என் பெயருக்கு நேரே எழுதினேன். “எனக்கு ஜுரம், பிள்ளைவாள். வீட்டுக்குப் போகிறேன்” என்றேன்.

பிள்ளைவாள் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆறு வருஷத்தில் கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டி என் நெற்றியில் வைத்தார். கார்த்திகைக் காற்றில் என் நெற்றி கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்திருக்கும். கையை எடுக்காமலே மற்றவர்களைப் பார்த்துத் திரும்பி, அதே அதிகாரக் குரலில் சொன்னார்: “நெருப்பாக் கொதிக்குதுவே இவனுக்கு. இந்த உடம்போட இவனை யாரு ஆபீஸுக்கு வரச்சொன்னது? ஓடும் வீட்டுக்கு!”

வெந்நீர்

ஓடினேன். செருப்பில் ஒன்று வழியில் எங்கேயோ போயிற்று. கோமதி என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். டோ ம்யா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். துரைக்குக் கொடுத்த வாக்குப்படி வெந்நீர் போட்டேன். விறகு ஈரம். முதல் பானை பதற்றத்தில் கையை விட்டு நழுவி உடைந்தது. ரெண்டாவது பானையில் தண்ணீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது, யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஒருதரம், “இங்கேதான் இருக்கேன் கோமதி” என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

நாலு மணி சுமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் நானும் அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. மஞ்சள் பூசிய கையோடு டோ ம்யா கொண்டுவந்து காட்டினாள். கொஞ்சம் தெளிந்ததும், என்னிடம் ஏன் ஒரு மாசம் மறைத்தாய் என்று கோமதியைக் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: “உங்ககிட்ட சொன்னா ரிஜிஸ்டர்ல எழுதிருவீங்க. எழுதினா நாலு பேர் படிப்பாங்க. கண்ணு படாதா?”

கண்முன் குடிக்க வேண்டும்

மறுநாள் காலை வாசலில் கம்பவுண்டர். கையில் அதே பாட்டில்! அந்தச் சட்டத்தை நான் மறந்தது இது ரெண்டாவது தடவை. உள்ளே குழந்தை வீல் வீல் என்று கத்துகிறது. கம்பவுண்டர் காதில் விழாதது போல நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கிளாஸில் ஊற்றினார். “இது வேண்டாமே ஐயா, உமக்கே தெரியுமே” என்றேன் கெஞ்சலாக. ஹெட் கிளார்க் எழுதி அனுப்பிய சீட்டைக் காட்டினார். எங்கள் குமாஸ்தாவுக்குக் கடுமையான ஜுரம், மூன்று நாளைக்கு வேளை தவறாமல் கொய்னா கொடுக்கவும் என்று சுந்தரம் பிள்ளையின் முத்து முத்தான கையெழுத்து. இரக்கம் வேறு, ரூல் வேறு என்று நினைக்கிற மனுஷர் அவர்.

குடித்தேன். அந்தக் கசப்பை எழுத எனக்குத் தமிழ் போதாது. பாயில் படுத்திருந்த கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காக ஒரு பாட்டிலையே குடிக்கலாம், ஆனால் மூன்று நாளா? கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போது கம்பவுண்டர் தொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க ஜுரத்துக்கு உங்க மூக்கு, பார்த்தீங்களா?”

கற்கண்டு

இத்தோடு முடிந்தது என்று நினைத்தீர்களானால் நீங்கள் ஆபீஸில் வேலை பார்த்தவர் இல்லை. பிள்ளை பிறந்துவிட்டது என்று மில்லில் வாயைத் திறந்தால் ஜுரம் பொய்யாகிவிடும். பிள்ளைவாள் தலைக்கும் ஆபத்து. ஆகவே என் மகள் மில் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை. வீட்டில் ஒரு குழந்தை முழங்குகிறது; நான் ஆபீஸில் ஒரு கற்கண்டுத் துண்டு யாருக்கும் கொடுக்க முடியாமல் திருடன் மாதிரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னும் தேதி மாறவில்லையே?” என்பார். “இல்லை துரை” என்பேன். பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார்கள்.

மார்கழி நடுவில், கையெழுத்தான தேதிப்படி, பத்து நாள் லீவில் போனேன். பத்து நாளும் குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு காரியத்துக்காகத் துரையின் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். திரும்பி வந்து எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தேன். துரை எழுந்து என் கையைக் குலுக்கி, சொன்ன தேதிக்குச் சொன்னபடி பிறந்திருக்கிறது, மில்லில் இப்படி ஒழுங்காக நடந்துகொண்ட முதல் ஆள் உன் மகள்தான் என்று பாராட்டினார். நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். சுந்தரம் பிள்ளை ரெண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, என் காதருகில் சொன்னார்: “பத்து நாள் பிள்ளை ஆளைப் பார்த்துச் சிரிக்குதாமேவே. என் ஏழிலே ஒண்ணு எப்போ சிரிச்சுதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

ஆகவே, சக குமாஸ்தாக்களே, மில் கணக்குப்படி என் மகள் மார்கழியில் பிறந்தவள், வீட்டுக் கணக்குப்படி கார்த்திகையில் பிறந்தவள். அவள் நிஜமாகவே பிறந்த அன்றைக்கு அவள் அப்பன் வீட்டில் இருந்தான் என்பதற்கு எழுத்து மூலமாக உள்ள ஒரே அத்தாட்சியோ, என் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் இருக்கும் ‘ஜுரம்’தான்.